முதல் டிகாக்ஷன் யாருக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் காபி பற்றி நாலு வரி எழுதினேன். பித்தளை பில்டர், பீபரி, டபரா, நுரை என்று பின்னூட்டங்கள் குவிந்துவிட்டன. மகிழ்ச்சி. அதில் ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “எங்க வீட்ல இப்ப இன்ஸ்டன்ட்தான் சார். வேலைக்குப் போறவளைக் கட்டிக்கிட்டு பில்டர் காபிக்கு ஆசைப்பட முடியுமா?” அதற்கு நாற்பது பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். என் சித்தப்பா மகனும் அதில் ஒருவன்.

தம்பி, ஆசை உனக்கு. கை இரண்டும் உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பில்டரும் வீட்டில் இருக்கிறது. இதில் உன் மனைவியின் வேலை எங்கே குறுக்கே வந்தது?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்றால், பணியில் இருந்தவரை இல்லை. கரைசல், வடிகட்டுதல், வடிநீர் என்று 31 வருஷம் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். அந்தப் பாடம் முழுவதும் தினமும் காலை ஐந்து மணிக்கு என் வீட்டு அடுப்படியில் நடந்தது. ஒரு நாள்கூட பில்டரைத் திறந்து பார்த்ததில்லை. கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, “காபி ஆச்சா?” என்று குரல் கொடுப்பதோடு சரி.

ஓய்வு பெற்ற மறுவருஷம் என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மூன்று நாள் ஓட்டலிலிருந்து பிளாஸ்கில் வாங்கி வந்தேன். நாலாம் நாள் நானே இறங்கினேன். பொடியைப் போட்டு அழுத்து அழுத்து என்று அழுத்தி, வெந்நீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி ஆகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: “இப்படி அடைச்சு வெச்சா எப்படிங்க இறங்கும்? பொடி ஊறி உப்ப இடம் வேணாமா?” வேதியியல் ஆசிரியருக்கு வேதியியல்!

ஒரு வாரத்தில் கை பழகியது. கள்ளிச்சொட்டாக இறங்கிய டிகாக்ஷனில் இரண்டு டம்ளர் கலந்து ஒன்றை அவளிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “இவ்வளவு திக்காவா நீங்க தினமும் குடிச்சீங்க?”

அப்போதுதான் தெரிந்தது. முதல் டிகாக்ஷன் எனக்கும் வந்தவர்களுக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாக்ஷன் அவளுக்கு. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அன்றைக்கு என் டம்ளர் காபி ஆறிப்போயிற்று.

இனி நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

“பொம்பளைங்க கைப்பக்குவம் நமக்கு வராது சார்.” நீங்கள் ஓட்டலில் போய்ப் புகழ்ந்து குடிக்கிறீர்களே, அங்கே காபி மாஸ்டர் யார்? பெரும்பாலும் ஆண்தானே! சம்பளம் கொடுத்தால் வருகிற பக்குவம் வீட்டில் மட்டும் ஏன் வராது? மாஸ்டரை எட்டிப் பார்த்து, “பிரமாதம்” என்கிறோம். வீட்டில் ஒருநாள் தண்ணியாக இருந்தால்தான் வாய் திறக்கிறோம்.

“பில்டர் காபி நம்ம பாரம்பரியம், பெண்கள்தான் காப்பாத்தணும்.” எந்தப் பாரம்பரியம்? ஆ. இரா. வேங்கடாசலபதியின் புத்தகத் தலைப்பே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்பதுதான். காபி நம் வீடுகளுக்குள் பரவலாக வந்தே ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் பல வீடுகளில் காலையில் நீராகாரம். குடிப்பதையே மாற்றிக்கொண்டோம், போடுகிற ஆள் மாறக் கூடாதா?

“நீங்க ரிட்டயர்டு, எங்களுக்கு நேரம் ஏது?” இரவு படுக்கும்முன் இரண்டு பேருக்கு மூன்று கரண்டி பொடி போட்டு லேசாகச் சமப்படுத்தி, காம்பு வைத்த தட்டை மேலே வைத்துவிடு. காலையில் கொதிக்கிற நீரை ஊற்று. நீ பல் தேய்த்துக் குளித்து வருவதற்குள் டிகாக்ஷன் தயார். உன் வேலை ஐந்து நிமிஷம்.

இன்னொன்று. காபி சரியில்லை என்று சத்தம் போடுமுன் நீ வாங்கி வந்த பாக்கெட்டைப் படி. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். அது வறுத்த வேர். கறுப்பாக இறங்குவதெல்லாம் ஸ்ட்ராங் காபி இல்லை.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் இரண்டாம் டிகாக்ஷன் யார் குடிக்கிறார்கள் என்று இன்றே கேளுங்கள். நாளைக் காலை நீங்கள் போடுங்கள். முதல் டம்ளரை அவர்களிடம் கொடுங்கள். தயவுசெய்து, “மனைவிக்கு உதவினேன்” என்று படம் போட வேண்டாம். நம் காபியை நாம் போடுவதற்குப் பெயர் உதவி இல்லை.

சிரித்த நாற்பது பேரின் பெயரையும் குறித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கேட்பேன்.