வட்டி கட்டும் மூளை

"ஒரு தம் அடிச்சாத்தான் ஸார் டென்ஷன் குறையுது!"

ஆபீஸ் எதிரே பெட்டிக்கடையில் நின்று 14 வருஷமாக நான் சொல்லிவந்த டயலாக் இது. இந்தக் கணக்கில் ஒரு தில்லுமுல்லு இருப்பது, பி.காம். படித்தும் எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

புகையை இழுத்த 10-20 செகண்டில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். அங்கே நரம்புக்கு நரம்பு சேதி கடத்துவது அசிடைல்கோலின் என்கிற ரசாயனம். அது வந்து திறப்பதற்கென்றே நரம்பு செல்களில் பூட்டுகள் உண்டு. அதில் நிகோடின் கள்ளச்சாவி மாதிரி கச்சிதமாய்ப் பொருந்திவிடுகிறது. (1905-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜான் லாங்லி, உடம்பில் இப்படி ஒரு பூட்டு இருந்தாக வேண்டும் என்று யூகித்ததே நிகோடினை வைத்துச் சோதித்துத்தான். இன்றும் அதற்குப் பெயர் நிகோடினிக் ரிசப்டர். வீடு அசிடைல்கோலினுடையது, பட்டா கள்ளச்சாவிக்காரன் பேரில்!)

பூட்டு திறந்ததும் டோபமின் சுரக்கும். 'ஆஹா' என்கிறோமே, அது. கூடவே அட்ரினலினும் கிளம்பி, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். டென்ஷன் குறைக்கப் போன இடத்தில்!

தினமும் கள்ளச்சாவி போட்டால் பூட்டுகள் மரத்துப் போகின்றன. மூளை சும்மா இருக்குமா? புதுப் பூட்டுகளைப் போட்டுக்கொள்கிறது. நிகோடினோ சுமார் 2 மணிக்கொரு தரம் பாதியாய்க் கரையும் ஆசாமி. ராத்திரி தூங்கி எழுந்தால், அத்தனை பூட்டும் 'கொண்டா, கொண்டா' என்று கத்துகிறது. அந்தக் கத்தலுக்குத்தான் டென்ஷன் என்று பேர் வைத்து, மேனேஜர் தலையில் பழியைப் போட்டிருந்தேன். காலையில் முதல் சிகரெட் அமிர்தமாய் இனிப்பதும் இதனால்தான். நேற்றைய கடனுக்கு வட்டி கட்டிவிட்டு, லாபம் வந்ததாகப் பூரிப்பு!

சரி, விட்டுத் தொலைப்போம் என்று விட்டேன். முதல் 3 நாள்தான் உச்சம் என்றார்கள். மூன்றாம் நாள் காலை, காபியில் சர்க்கரை கம்மி என்று வீடே அதிரக் கத்தினேன். மனைவி பேசவில்லை. ஆறு வயசு மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீ போய் சிகரெட் குடிச்சிட்டு வந்துடேன்."

அன்றைக்கு ஆபீஸில் ஒரு வவுச்சர்கூட ஓடவில்லை.

அதிகப்படியாய் முளைத்த பூட்டுகள் பழைய எண்ணிக்கைக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகும் என்று மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்றோடு 23 நாள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பாக்கெட்டைப் பிரிக்கிறார். "கடலை மிட்டாய் குடுங்கண்ணே" என்கிறேன்.

கை மட்டும் இன்னும் தீப்பெட்டியைத் தேடுகிறது.