தட்டக் கதவில்லாத நகரம்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வீடு வீடாகப் போய் ஊழியம் செய்ய முடியாது. பெரிய கட்டடங்களில் வாசலிலேயே காவலர் நிற்பார். சின்னக் கட்டடங்களில் அழைப்புப் பொத்தான் இருக்கும், மேலே இருப்பவர் "யாரது?" என்று கேட்டு, பதில் முடிவதற்குள் வைத்துவிடுவார். அதனால் வெள்ளைச் சட்டையும் டையும் நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையுமாக வரும் மார்மன் பையன்களை இந்த ஊரில் சப்வே படிக்கட்டுகளிலும் பூங்கா ஓரங்களிலும்தான் பார்க்கலாம். எப்போதும் இரண்டு பேராக இருப்பார்கள். இருபது வயதைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் மார்மன் சபையைச் சேர்ந்தவள் இல்லை. அவர்கள் சொல்லும் செய்தியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அதே நகரத்தின் குயின்ஸில் குடியிருக்கும் இத்தனை வருடங்களில், தெருவில் என்னை நிறுத்தி, பணம் கேட்காமல், நலம் விசாரித்த அந்நியர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். அவர்களை நாம் எப்படித் திருப்பி அனுப்புகிறோம் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் சபையின் முழுப்பெயர். அப்படியே அழைக்கும்படி 2018 முதல் வலியுறுத்திக் கேட்டுவருகிறார்கள். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. பள்ளி முடித்த பையன் ஊழியத்துக்கு விண்ணப்பம் போடுகிறான்; மருத்துவரும் பல் மருத்துவரும் சான்று தருகிறார்கள்; உள்ளூர் பிஷப் உட்காரவைத்துப் பேசுகிறார். எந்த ஊர், எந்த மொழி என்பதைத் தலைமையகம்தான் முடிவு செய்யும். அழைப்புக் கடிதம் வரும் நாளில் உறவும் நட்பும் கூடியிருக்க அதைச் சத்தமாக வாசிப்பது வழக்கம். முன்பு தபாலில் வந்தது, இப்போது திரையில் வருகிறது. பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். 2012 அக்டோபரில் அன்றைய தலைவர் தாமஸ் மான்சன், ஊழியத்துக்குக் கிளம்பும் வயதைப் பையன்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார். அப்போது 58,000 அளவில் இருந்த ஊழியர் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் 80,000-ஐத் தாண்டியது.

சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பிள்ளைகள் தாங்கள் சேர்த்ததிலிருந்தோ வீட்டிலிருந்தோ மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 நடுப்பகுதி வரை அது 400. நியூயார்க் வாய்த்தாலும் குவாத்தமாலா வாய்த்தாலும் ஒரே தொகைதான். முன்பெல்லாம் போகிற ஊரின் செலவை அவரவரே சுமந்தார்கள். வாடகை கொளுத்தும் நகரம் வாய்த்தால் ஏழை வீடு திணறும். 1990களின் தொடக்கத்தில் அதை மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

காலை 6:30-க்கு எழுந்து இரவு 10:30-க்குப் படுப்பது வழக்கமான அட்டவணை. துணை ஊழியரைவிட்டுத் தனியாகப் போகக் கூடாது. காதல் கூடாது. சினிமா, தொலைக்காட்சி கூடாது. சொந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, குடும்பப் பெயருக்கு முன்னால் எல்டர் என்றோ சிஸ்டர் என்றோ சேர்த்துத்தான் அழைத்துக்கொள்வார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும்; துணை மாறலாம், பேட்டை மாறலாம். 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வருடத்துக்கு இரண்டு நாள்தான் அனுமதி: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற வாரங்களில் கடிதம், மின்னஞ்சல் மட்டும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். பெற்ற வயிறுகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏழாம் எண் ரயில் தலைக்கு மேலே தடதடக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் இப்படி ஒரு பையனோடு கொஞ்ச நேரம் பேசினேன். ஐடஹோவில் ஒரு சிற்றூர். அவன் பள்ளியில் படித்த மொத்தப் பிள்ளைகளையும்விட இந்த ஒரு ரயில் பெட்டியில் ஆட்கள் அதிகம் என்றான். ஸ்பானிஷ் பேச அனுப்பப்பட்டவன். யூட்டாவின் புரோவோவில் இருக்கும் பயிற்சி மையத்தில் சில வாரம் படித்த மொழியை, எக்குவடோர்காரர்களிடமும் மெக்சிகோக்காரர்களிடமும் பேசிப் பேசித்தான் தேற்றிக்கொண்டிருக்கிறான். எது கஷ்டம் என்று கேட்டேன். குளிர் என்பான், திட்டு என்பான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பரவாயில்லை, திட்டுகிறவரோடு பேசலாம் என்றான். "சிரித்துக்கொண்டே தப்பான நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். போனால் ஜன்னல் திரை மட்டும் அசைகிறது." புகார் சொல்லும் குரலாக இல்லை அது. அந்த முகவரிகளுக்கு அவன் திரும்பத் திரும்பப் போகிறான். போக வேண்டும் என்று நம்புகிறான்.

நியூயார்க் இவர்களுக்கு எப்போதுமே கல்லாக இருந்த ஊர். இத்தனைக்கும் சபை பிறந்ததே இதே மாநிலத்தில். 1830-ல் பல்மைரா என்ற சிற்றூரின் அச்சகத்தில் இவர்களின் வேதமான மார்மன் நூல் 5,000 படிகள் அச்சாயிற்று. அதே வருடம் ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கினார். அவர் தம்பி சாமுவேல் மூட்டை நிறையப் புத்தகங்களோடு நடையாகக் கிளம்பினார். நாட்டுப்புறம் காது கொடுத்தது. நகரம் கொடுக்கவில்லை. 1837 கோடையில் நியூயார்க் நகரத்துக்கு வந்த பார்லி பிராட் அந்தச் சபையின் தேர்ந்த பேச்சாளர், எழுத்தாளர். ஜூலையிலிருந்து ஜனவரி வரை பேசினார், அச்சடித்தார், வீடேறினார், அழுதார். கிடைத்தவர்கள் ஆறு பேர் என்று தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். ஊரைவிட்டே கிளம்ப முடிவு செய்த பிறகுதான் கூட்டம் சேரத் தொடங்கியதாம். அவருக்கு அப்போது முப்பது வயது. இந்தப் பையன்களுக்கு அந்த வயதுகூட இல்லை.

இதே நகரத்தில், பிராட்வேயை ஒட்டிய யூஜின் ஓநீல் அரங்கில், 2011 மார்ச் முதல் இவர்களை மையமாக வைத்த நகைச்சுவை இசைநாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது டோனி விருதுகள் வாங்கியது. சபை வழக்குப் போடவில்லை, தடை கேட்கவில்லை. நாடகத்தின் நிகழ்ச்சி மலரிலேயே, நாடகம் பார்த்தவர்கள் மார்மன் நூலையும் படியுங்கள் என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தது. அந்தப் பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அரங்கில் சிரித்துவிட்டு வெளியே வந்தவர்கள், தெருமுனையில் நிற்கும் உண்மையான இரண்டு பிள்ளைகளிடம் அதே சிரிப்பைத் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்பின மக்களின் பழைய பேட்டையான ஹார்லெம் வேறு கதை. அங்கே லெனாக்ஸ் அவென்யூவில் இவர்களுக்கு வழிபாட்டுக்கூடம் இருக்கிறது, 2005-ல் திறந்தார்கள். அந்தத் தெருக்களில் நிற்கும் யூட்டா பையனிடம் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு உங்கள் சபை குருத்துவம் தரவில்லையே, ஏன்? சபையில் தகுதியுள்ள ஆண் எவரும் பெறும் குருத்துவம் அது. 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பால் தலைமையில் தடை நீங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த அநீதிக்கு, அது நீங்கிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒருவன் நடைபாதையில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி நியாயமானது. அதைக் கேட்கத்தான் வேண்டும். முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தலைவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை ஹார்லெமின் ஒரு பாட்டியம்மாவிடமிருந்து நேராகக் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறவன், தன் சபையைப் பழைய கண்ணால் பார்க்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

எனக்கு மனத்தாங்கலும் உண்டு. உடம்புக்கோ மனதுக்கோ முடியாமல் பாதியில் வீடு திரும்பும் பிள்ளைகள் சொந்த ஊரில் தலைகுனிந்து நடக்க நேர்கிறது. சபைத் தலைவர்களே அவர்களை அரவணைக்கச் சொல்கிறார்கள். ஊர்வாய் அவ்வளவு சீக்கிரம் மூடுவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனச்சோர்வை நம்பிக்கைக் குறைவாக எடைபோடுவது கொடுமை. வெற்றியோடு திரும்பியவர்களின் கதைகள்தான் நம் காதுக்கு எட்டுகின்றன. தைவானில் ஊழியம் செய்தபோது மாண்டரின் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். அமெரிக்க அரசியல்வாதி மிட் ரோம்னி பிரான்ஸில் கதவு தட்டியவர். அவர் தந்தை ஜார்ஜ் லண்டனின் டவர் ஹில்லிலும் ஹைட் பார்க்கிலும் நின்று பேசியவர். பாதியில் திரும்பியவர்களின் பட்டியலை யாரும் எழுதிவைப்பதில்லை.

சென்னைக்கும் மார்மன் ஊழியர்கள் வந்திருக்கிறார்கள். 1853-ல். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சால்ட் லேக் சிட்டியில் அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849-ல் தன் வீட்டில் நடத்தியவர். மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு, கையில் காசை நம்பாமல், வழியில் கிடைக்கும் உதவியை நம்பிப் புறப்பட்டு, கல்கத்தா வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். துண்டுப் பிரசுரங்களும் ஒரு மாத இதழும் அங்கேயே அச்சிட்டார். மதராஸ் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. அடுத்த வருடமே கப்பலேறினார். அவருக்கு மோரும் நிழலும் கொடுத்தவர்கள் யாராவது இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. மன்ஹாட்டனில் தட்டக் கதவில்லை என்றாலும், குயின்ஸிலும் நியூஜெர்சியிலும் தனி வாசல் வைத்த வீடுகள் நிறைய. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள்தான் வீட்டில் இருக்கிறார்கள். மணி அடித்தால் திறப்பவர்கள் அவர்கள்தான். பிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தோழி வீட்டில் அவள் அம்மா அப்படித்தான் இரண்டு சிஸ்டர்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். "வெயில்ல வந்திருக்கீங்களேம்மா" என்று தமிழிலேயே சொல்லி, நுரை பொங்கக் காபி கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பெண்களும் சங்கடத்தோடு மறுத்தார்கள். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. மாலையில் மகள் வந்து, அவர்கள் மார்க்கத்தில் காபியும் தேநீரும் விலக்கு என்று சொன்ன பிறகுதான் மனம் சமாதானமானது. மறுவாரம் அவர்கள் வந்தபோது மோர் கொடுத்தார். "நாங்க பிள்ளையாரக் கும்பிடுறவங்க, மாற மாட்டோம், அதைக் கேட்டு இனிமே அலையாதீங்க கண்ணு" என்பதையும் மகளிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வைத்திருந்து கொடுத்தார். அவர்கள் படித்து, நன்றி சொல்லி, மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பெயர் அட்டையோடு யாராவது வந்தால் திரைக்குப் பின்னால் ஒளியாதீர்கள். அடுத்த வாரம் வரச் சொல்லாதீர்கள், பொய் எண் கொடுக்காதீர்கள். கதவைத் திறந்து, முகம் பார்த்து, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெயிலாக இருந்தால் மோர் கொடுங்கள். காபி மட்டும் வேண்டாம்.