ரோட்டில் காயும் நெல்

போன புரட்டாசியில் ஒரு நாள், ராத்திரி எட்டு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் கிடந்தது. மேலே கறுப்புப் படுதா, அது பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல். சைக்கிளில் வந்த அண்ணன் கல்லில் ஏறிவிடாமல் இருக்க நடுரோட்டுக்கு ஒதுங்கினார். பின்னால் வந்த வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எதிரே வந்த பால்காரர் பார்த்திருக்கிறார். நம்பரைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிட நாலு வயசு மூத்த சிநேகிதர். பதினோரு வருசம் ரெண்டு பேரும் சேர்ந்தே சைக்கிள் மிதித்தோம். பேரை எழுதட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "பேரு எதுக்கு தம்பி, விசயத்தை எழுதுங்க" என்றார்.

அவரிடம் மோட்டார் சைக்கிளும் இருந்தது. மகன் ஓட்டுவான். இவர் தொடமாட்டார். "வண்டியில போனா ரோட்டைத்தான் பார்க்கணும், சைக்கிள்ல போனா வயலைப் பார்க்கலாம்" என்பார். நிஜம்தான். எந்த வயலில் குருத்துப்பூச்சி வந்திருக்கிறது, எவர் வரப்பில் உளுந்து போட்டிருக்கிறார் என்பதெல்லாம் மிதித்துக்கொண்டே சொல்வார். சந்தேகம் வந்தால் ஸ்டாண்டு போட்டு இறங்கிவிடுவார். பத்து கிலோமீட்டர் போக எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். எங்கள் பக்கம் ஏழெட்டுப் பேர் பாரம்பரிய நெல்லுக்கு மாறியது அப்படி வழியில் நின்று பேசியதால்தான். கூட்டம் போட்டு யாரும் மாறவில்லை.

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கும் சைக்கிளில்தான் போனோம். ரெண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருசம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது நெல் ஜெயராமன் ஐயா வைத்த கணக்கு. அண்ணன் பூங்கார் வாங்கி கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கையைப் பின்னால் விட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது, எங்கே விழுந்துவிடுவாரோ என்று.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் லாரியைத் திட்டினார்கள், ரோட்டைத் திட்டினார்கள். நெல்லைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அது நம்ம நெல். அன்றைக்குக் கிடந்தது எங்கள் குழுவில் இருக்கிற ஒருவருடையது. அதற்கு நாலு நாள் முன்னால் அதே இடத்தில் கிடந்தது என் நெல். அந்தக் கல்லில் பாதி நான் பொறுக்கி வைத்தது.

வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் 20, 22 என்று நிற்கும். சில வருசம் தளர்வு அறிவிப்பார்கள், அறிவிப்பு வருவதற்குள் மூட்டையிலேயே முளை விட்டுவிடும். வீட்டு வாசல் பத்தாது. கண்ணுக்கு எதிரே அகலமாக, சூடாக, சும்மா கிடக்கிறது ரோடு.

ஆனால் நாம் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள். ஒரு சொட்டு மருந்து படாமல் வளர்த்த நெல்லைத் தாரிலும் டயர் தூசியிலும் எண்ணெய்க் கசிவிலும் கொட்டி அள்ளி, நஞ்சில்லா அரிசி என்று பை போட்டு விற்கிறோம். தார்ச் சூட்டில் வேகமாகக் காய்ந்த நெல் அரைக்கும்போது நொய்யாகப் போகும். விதைநெல்லாக இருந்தால் முளைப்பே கெட்டுவிடும். இதெல்லாம் அண்ணன் சொன்னதுதான். அவர் ஒரு தடவைகூட ரோட்டில் காயவைத்ததில்லை. கோயில் பின்னால் இருக்கிற பழைய களத்துக்குச் சைக்கிளில் நாலு நடை அடிப்பார். எங்களையும் கூப்பிட்டார். "யாருண்ணே அவ்வளவு தூரம் போறது" என்றோம்.

அடித்த வண்டி தெரியாவிட்டால் சாவுக்கு 2 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. 2022 ஏப்ரலுக்கு முன்னால் வெறும் 25,000 தான். இது பல பேருக்குத் தெரியாது. மகன் மனு கொடுத்திருக்கிறான். முதல் தகவல் அறிக்கையில் அடையாளம் தெரியாத வாகனம் என்று இருக்கிறது. நெல் கிடந்தது என்று ஒரு வரி இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொழுது சாயும் முன்னே நெல்லைக் குவித்து ரோட்டை விட்டு இறக்குங்கள். ராத்திரி ரோட்டில் படுதாவும் கல்லும் இருக்கவே கூடாது. நம்ம டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு வில்லைகூட இல்லாமல் ஓட்டுகிறோமே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றது களம். உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பல ஊரில் களம் புறம்போக்கு என்று ஒரு சர்வே எண் இருக்கும். எங்கள் ஊரில் இருக்கிறது. அதில் இப்போது ரெண்டு கொட்டகையும் ஒரு வைக்கோல் போரும் நிற்கின்றன. வைக்கோல் போர் எங்கள் சித்தப்பாவுடையது, அவரோடு பேச்சுவார்த்தை நின்றுபோய் ஒரு மாசம் ஆகிறது. எத்தனையோ ஊரில் நூறு நாள் வேலையில் சிமெண்டு உலர்களம் கட்டியிருக்கிறார்கள். இடத்தைக் காட்டினால்தானே கேட்க முடியும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அண்ணி முதல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நெல் போட்டிருந்தவர் மூன்று நாள் கழித்து அவராகவே வந்து இரண்டாவதாகப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.