பொத்தானில் எந்தச் சொல்?

கணினி, கணனி, கணிப்பொறி. மூன்றும் ஒரே கருவிக்குப் பெயர்கள். மலேசியாவில் நாம் கணினி என்கிறோம். கணனி என்பது இலங்கையில் பரவலாக எழுதப்படுவது. கணிப்பொறி தமிழ்நாட்டில் முன்பு அதிகம் வழங்கியது. இப்போது அங்கேயும் கணினியே முந்தி நிற்கிறது. பேசும்போது இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஈப்போவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் பேசினாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார்.

மென்பொருளுக்கு எழுதும் பயன்பாட்டுக் கையேட்டில் நிலைமை வேறு. முதல் படியில் 'கோப்பைச் சொடுக்குக' என்றும் அடுத்த படியில் 'ஃபைலை அழுத்துக' என்றும் இருந்தால், புதிதாகப் படிப்பவர் இரண்டு பொருள்கள், இரண்டு செயல்கள் என்றுதான் நினைப்பார். ஒரு பரிசோதனைத் தாளில் ஓரிடத்தில் முகவை என்றும் இன்னோர் இடத்தில் பீக்கர் என்றும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கெட்டிக்கார மாணவர்கூட இரண்டாவது பாத்திரத்தைத் தேடுவார். தேடுவது அவர் குற்றமன்று.

ஒருவரே எழுதும் கையேட்டில் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பது எளிது. பல நாடுகளில் இருக்கும் பல பேர், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே சேர்ந்து எழுதினால்? திறந்த மூல மென்பொருள்களின் கையேடுகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. தமிழில் அதற்கு நமக்குக் கிடைத்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு தமிழ் விக்கிப்பீடியாவும் அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும். அங்கே சொற்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்; அந்த வேலையில் கைவைக்கவும் வேண்டும் என்பது என் கருத்து.

'விக்கி' என்பது ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள். 1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கித் தளத்தை வெளியிட்டார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். நிரலாளர்கள் தங்கள் அனுபவக் குறிப்புகளைச் சேர்ந்து எழுதிவைக்கவே அந்தத் தளம் உருவானது. கலைக்களஞ்சியம் பிறகு வந்தது. விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, அப்போது ஜெர்மனியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த மாக்னஸ் மான்ஸ்கே அதற்கெனப் புதிய நிரலை எழுதிக் கொடுத்தார். அந்த நிரலிலிருந்து வளர்ந்ததே மீடியாவிக்கி. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், தங்கள் தளத்தில் நிறுவிக்கொள்ளலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. தொடக்கத்தில் பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபுச் சிற்றரசில் வேலை செய்துகொண்டே அவற்றைத் தமிழாக்குவதில் பெரும் பங்காற்றினார். பின்னர் தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் பலர் சேர்ந்தார்கள். இன்று அங்கே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

பெயர் வைத்ததில் அவர்களுக்கு நல்ல இரசனை. எல்லோரும் கூடிப் பொது விஷயம் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். புதியவர்கள் எழுதிப் பழகும் பக்கம் 'மணல்தொட்டி'. ஆங்கிலத்தில் அவை ஊர்க் குழாயடி, மணற்பெட்டி என்ற பொருளில் இருக்கின்றன. நம் ஊரில் கூட்டம் கூடுவது மரத்தடியில்தானே!

எல்லாச் சொற்களும் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிடவில்லை. பக்கத்தைத் திருத்துவதற்கான பொத்தானில் 'தொகு' என்று இருக்கும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் இதை 'சேகரி' என்று புரிந்துகொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் அவர்கள் படித்த தொகுப்பு, தொகுதி எல்லாம் அந்தப் பொருளைத்தான் தந்தன. என்னைக் கேட்டால் 'திருத்து' என்று வைத்திருப்பேன். ஆனாலும் இன்று ஓர் உதவிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தால் 'தொகு என்ற பொத்தானை அழுத்துக' என்றுதான் எழுதுவேன். திரையில் 'தொகு' என்று இருக்கும்போது கையேட்டில் 'திருத்து' என்று எழுதினால் படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடுவார். சொல் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றும்படி உரையாடல் பக்கத்தில் வாதாடலாம். வாதம் வென்றால் பொத்தானும் எல்லா உதவிப் பக்கங்களும் ஒன்றாக மாற வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவது, சொல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கெடுதல்தான்.

பொத்தான்களின் மொழிபெயர்ப்பு 'டிரான்ஸ்லேட்விக்கி' என்ற தனித் தளத்தில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான மொழிகளுக்கு அங்கே வேலை நடக்கிறது. என்னை அதிகம் கவர்ந்தது அங்குள்ள ஒரு போலி மொழி. மொழிகளுக்கு உலகத் தரத்தில் சுருக்கக் குறியீடுகள் உண்டு. தமிழுக்கு 'டிஏ', மலாய்க்கு 'எம்எஸ்'. 'கியூஏஏ' முதல் 'கியூடிஇசட்' வரையிலான மூன்றெழுத்துக் குறியீடுகளை எந்த மொழிக்கும் கொடுக்காமல் அவரவர் சொந்தத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து 'கியூகியூகியூ' என்பதை எடுத்து, யாரும் பேசாத அந்த மொழியில் விளக்கக் குறிப்புகளை எழுதுகிறார்கள். இந்தச் சொல் பொத்தானா தலைப்பா, வினையா பெயரா, எங்கே தோன்றும், இடையில் வரும் எண் எதைக் குறிக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் குறிப்பு ஏன் முக்கியம்? ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்று ஒரு சொல் மட்டும் தனியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திற என்று கட்டளையிடுகிறதா, திறந்திருக்கிறது என்று நிலையைச் சொல்கிறதா? ஆங்கிலேயருக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும். நமக்குப் போதாது. 'மூவ்' என்பது இன்னும் வேடிக்கை. மீடியாவிக்கியில் அந்தப் பொத்தானை அழுத்தினால் எதுவும் இடம் நகராது. பக்கத்தின் தலைப்புதான் மாறும். விளக்கக் குறிப்பைப் படிக்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் எப்படித் தப்புவார்?

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. மென்பொருள் ஒரு வாக்கியத்தை முழுதாக வைத்திருப்பதில்லை. இடையில் ஓர் ஓட்டை விட்டு வைத்திருக்கும். ஓடும் நேரத்தில் ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ அதில் நிரப்பும். மலாயில் இது சுலபம். 'டி' என்று எழுதி ஓட்டை விட்டால் போதும்: டி ஈப்போ, டி கம்பார், டி தைப்பிங். எந்த ஊரும் பொருந்தும். தமிழில் 'இல்' உருபு பெயரின் பின்னால் ஒட்டும்; ஒட்டும்போது எழுத்தும் மாறும். ஈப்போவில் என்று வகர மெய் வரும். பேராக்கில் என்று ககரம் இரட்டிக்கும். கம்பாரில் ஒன்றும் தோன்றாமல் சேர்ந்துகொள்ளும். இலக்கணப் பாடத்தில் புணர்ச்சி என்று படித்தோமே, அதேதான். இயந்திரம் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. 'ஈப்போஇல்' என்று ஒட்டி வைத்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதிக் கொடுப்பது ஒன்று. அது கடினம், பிறமொழி ஊர்ப் பெயர்கள் வரும்போது இன்னும் கடினம். உருபே தேவைப்படாத வாக்கியமாக மாற்றி எழுதுவது மற்றொன்று. 'ஈப்போவில் எடுக்கப்பட்டது' என்பதற்குப் பதிலாக 'எடுக்கப்பட்ட இடம்: ஈப்போ'. மொழிபெயர்ப்பாளர் எந்த வழியை எடுத்தாலும் அதைக் குறித்து வைத்தால் அடுத்தவருக்கு வேலை மிச்சம். குறிக்காமல் விட்டால் ஒவ்வொருவரும் அதே சுவரில் போய் முட்டிக்கொள்வார்கள். தரப்படுத்தல் என்று பெரிய சொல்லால் அழைக்கிறோமே, அதன் பெரும்பகுதி இந்த மாதிரிச் சின்னக் குறிப்புகள்தான்.

சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருப்பதையும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதில் உள்ள 'ஃப்ரீ' காசில்லாததைக் குறிக்கவில்லை, சுதந்திரத்தைக் குறிக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கி விளக்கிக் களைத்துப்போகிறார்கள். மலாயில் பெர்சுமா வேறு, பேபாஸ் வேறு. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று எழுதினால் விளக்கம் தேவையில்லை.

யார் முடிவு செய்வது என்பது இன்னொரு கேள்வி. மலாய்மொழிக்கு 1956 முதல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா இருக்கிறது. கலைச்சொற்களுக்குக் குழு அமைத்து, பாடநூலில் எது வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. அப்படி இருந்தும் நாம் 'பெரிசியான்' என்று படிப்பதை இந்தோனேசியர்கள் 'பெராங்காட் லுனாக்' என்கிறார்கள். தமிழுக்கோ எல்லா நாட்டுத் தமிழரும் ஏற்கும் ஒரே அமைப்பு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்பியல், வேதியியல். இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல். நம் தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்தது இலங்கையில் ஒட்சிசன், தமிழ் விக்கிப்பீடியாவில் ஆக்சிசன். ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இதையெல்லாம் வைத்து நடக்கும் வாதங்களைப் படிப்பது பாடநூலைவிடச் சுவையாக இருக்கும். சில நேரம் சூடாகவும் இருக்கும்.

எல்லாச் சொல்லும் சரிதான், அவரவர் சொல்லை அவரவர் எழுதட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதற்குப் பேராக் மாணவர்களுக்கு நான் காட்டுவது ரப்பர். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட மரக்கன்றுகளிலிருந்து தொடங்கி, இந்த மாநிலத்தில் எத்தனையோ தோட்டங்கள் வந்தன. ஒவ்வொரு தோட்டத்துப் பாலும் ஒவ்வொரு மாதிரி. முன்பு ரப்பர் தகட்டின் நிறம், குமிழி, பூஞ்சணம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒருவர் கண்ணுக்கு முதல் தரமாகப் படுவது இன்னொருவருக்கு இரண்டாம் தரம். 1965இல் 'எஸ்.எம்.ஆர்.' என்ற மலேசியத் தர முறை வந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, ஆவியாகும் பொருள் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் எழுதினார்கள். எங்கோ இருக்கும் டயர் தொழிற்சாலைக்காரர் மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்துகொண்டார். பல பேர் வெட்டிய பால் ஒரே பெயரில் விற்பனையாக, எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் வேண்டியிருந்தது.

அதற்காக, தோட்டத்தில் வழங்கிய சொற்களை யாரும் தடை செய்யவில்லை. அதையும் கவனியுங்கள். அதே மரம் தமிழ்நாட்டில் ரப்பர் மரம், இலங்கையில் இறப்பர் மரம், நம் தாத்தா பாட்டிக்குப் பால்மரம். தாவரவியலாருக்கு எங்கும் ஹெவியா பிரசிலியென்சிஸ். விக்கியில் இதற்கு 'வழிமாற்று' என்ற வசதி உண்டு. கட்டுரை ஒரே தலைப்பில் இருக்கும். மற்றப் பெயர்களில் தேடி வருபவரையும் அது அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உதவிப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். பொத்தானிலும் செய்முறையிலும் ஒரே சொல். தேடல் பெட்டியில் எத்தனை சொல் வேண்டுமானாலும். சொல் சண்டைகளில் பாதி, இந்த இரண்டு இடங்களையும் பிரித்துப் பார்க்காததால் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் வழிமாற்று தானாக முளைக்காது. பால்மரம் என்றால் என்ன, தோட்டத்துத் தமிழில் மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்தச் சொற்களைப் பேசியவர்கள் வயதாகி நம் வீட்டில் இருக்கிறார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் அவற்றை எழுதவில்லையே என்று குறைப்பட முடியாது. மொழிபெயர்ப்புச் செயலிகளும் உரையாடும் செயற்கை நுண்ணறிவும் பழகும் தரவுகளில் விக்கிப்பீடியாவும் ஒன்று. அங்கே இல்லாத மலேசியத் தமிழை அவை எங்கிருந்து கற்கும்?

ஆங்கிலத்தில் எல்லாம் இருக்கிறதே, தமிழில் கையேடு எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இடைநிலைப் பள்ளியில் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறீர்கள். கைப்பேசியின் மொழி அமைப்பிலும் தமிழை வைத்திருப்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தேர்வுக்கு இது உதவும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செயலை வேறொருவர் பார்த்துச் செய்யும்படி, ஒரு படியும் விடாமல், ஒரே சொல்லை ஒரே பொருளில் எழுதுவது எந்த மொழியிலும் அறிவியல் பயிற்சிதான். உங்கள் ஆய்வறிக்கையில் நான் சிவப்பு மையால் வட்டமிடுவது பெரும்பாலும் அதைத்தான்.

தொடங்க விரும்புபவர்கள் மணல்தொட்டியில் தொடங்குங்கள். பிறகு ஏதாவது ஓர் உதவிப் பக்கத்தைத் திறந்து, அதில் சொன்னபடியே ஒவ்வொரு படியாகச் செய்து பாருங்கள். எங்கே திரையும் எழுத்தும் ஒத்துப்போகவில்லையோ அங்கே திருத்துங்கள். சேமிப்பதற்கு முன் என்ன மாற்றினீர்கள், ஏன் என்று சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். பழைய வடிவம் அழியாது; 'வரலாறு' பகுதியில் தேதியோடு இருக்கும். ஆய்வுக் குறிப்பேட்டில் தவறான அளவீட்டை அழிப்பானால் அழிக்காமல் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறோமே, அந்த ஒழுங்குதான். யாராவது உங்கள் மாற்றத்தைத் திருப்பிவிட்டால் மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். கணக்குத் தொடங்கும்போது புனைபெயர் போதும். பள்ளிப் பெயர், வயது, தொலைபேசி எண் எதுவும் எழுத வேண்டாம்.