பசித்தால்தான் கலை வருமா?

ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படும் பிள்ளையிடம் வீட்டார் சொல்வது: "படம் வரைந்தால் சோறு கிடைக்காது." கலையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் சொல்வது: "சோற்றை நினைத்தால் படம் வராது." கேட்பதற்கு எதிரெதிரான பேச்சுகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பிழைப்புக்கும் கலைக்கும் ஒத்துப்போகாது. வீட்டாரோடு சண்டை போடப் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது பேச்சு கலையின் பெயரால் வருவதால் அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. அதன் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: வறுமைதான் கலைஞனை உருவாக்குகிறது. இதற்குச் சாட்சியாக எப்போதும் வான்கோவைக் கூப்பிடுகிறார்கள். அவர் 1880 முதல் 1890இல் இறக்கும்வரை வரைந்தார். அந்தப் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் வாடகைக்கும் வண்ணத்துக்கும் கித்தானுக்கும் பணம் அனுப்பியவர், பாரிஸில் ஓவிய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி தியோ. வான்கோ துன்பப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அவரை வரைய வைத்தது துன்பம் அன்று, தம்பியின் சம்பளம். அப்படி ஒரு தம்பி வாய்க்காமல் பாதியில் தூரிகையைக் கீழே வைத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அதனால்தான் பசியின் கணக்கில் வெற்றிகள் மட்டும் தெரிகின்றன.

இரண்டாவது வாதம்: வயிற்றுப்பாட்டு வேலை கையைக் கெடுத்துவிடும். இதற்குச் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1960களில் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த மாணவர்களுக்கு ஊரில் ஓவியச் சந்தையே இல்லை என்பதைக் கண்டார். அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். மெழுகு வைத்துச் செய்யும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் பிறந்தது. துணியில் மெழுகு வைத்த அதே கைகள்தான் மெட்ராஸ் கலை இயக்கத்தின் முக்கியமான ஓவியங்களையும் சிற்பங்களையும் செய்தன.

வேலை கலைக்குள் நுழைந்து அதை வளர்த்ததும் உண்டு. ஓவியர் பிரபாகர் பர்வே 1961 முதல் 1965 வரை வாரணாசியில் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். அந்த ஊரில் அறிமுகமான தாந்திரிகக் குறியீடுகள் அவர் ஓவியத்தின் போக்கையே மாற்றின. ஓவியர் ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கு எழுத்துரு வரைந்தார், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் படம் போட்டார். நவீன ஓவியக் கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத வாசகர்களுக்கும் அந்தக் கோடு அறிமுகமானது பத்திரிகைவழியாகத்தான்.

மூன்றாவது வாதம்: உள்ளிருந்து உந்துதல் வந்தால்தான் வரைய முடியும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஓவியர் மணியம் அதற்கு வாரந்தோறும் படம் வரைந்தார். அச்சகம் உந்துதலுக்காகக் காத்திருக்காது. கெடு நெருக்க நெருக்க வரைந்த அந்த முகங்களைத்தான் இன்றும் வந்தியத்தேவனாகவும் நந்தினியாகவும் மனத்தில் வைத்திருக்கிறோம். உந்துதல் வேலைக்கு முன்னால் வருவதைவிட, வேலையின் நடுவில் வருவதே அதிகம். சோழமண்டலத்தில் இன்னொன்றும் இருந்தது: பக்கத்து வீட்டிலும் ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். அறையில் தனியாக உட்கார்ந்து மனத்தைத் தட்டி எழுப்புவதைவிட, நம் படத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லும் கூட்டாளி பயனுள்ளவர்.

நான்காவது வாதம்: கலைஞன் காசு பேசக் கூடாது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியவராக இருப்பார். "உங்களுக்கு விளம்பரம் கிடைக்குமே" என்பது அவர் தரும் கூலி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு கூச்சப்படவில்லை. உரிமையை எழுத்தில், கையொப்பமிட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ அதில் ஒரு பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். சட்டமே ஒப்புக்கொண்ட உரிமையைக் கேட்பது எப்படி இழுக்காகும்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா வேலையும் கலையை வாழவிடாது. காலை முதல் இரவுவரை அடுத்தவர் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டு வீடு திரும்புகிறவருக்குச் சொந்தப் படம் வரையக் கண் திறக்காது. அங்கே கலையைக் கொன்றது கூலி அன்று, மிச்சமில்லாமல் போன நேரம். சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் விற்றுச் சம்பாதித்ததும் அந்த நேரத்தைத்தான்.

ஆகவே, "கலைக்காகப் பட்டினி கிடப்பாயா?" என்று இளைஞரைச் சோதிப்பதை விட்டுவிடலாம். எடுக்கப்போகும் வேலை வாரத்தில் எத்தனை மணி நேரத்தை மிச்சம் வைக்கும், வரைந்ததன் உரிமை யார் கையில் இருக்கும், படத்தைப் பார்த்துக் குறை சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் நாற்பது வயதிலும் வரைந்துகொண்டிருப்பார்.