யுத்தக் கைதியா, கலகக்காரனா?

பிடிபட்ட கடற்படை வீரனுக்குச் சர்க்கார் சூட்டும் பெயரே அவன் தலைவிதியை நிர்ணயிக்கிறது. அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டபோது, 1777இல் பார்லிமெண்ட் செய்த சட்டம், பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளை ராஜத்துரோகிகள், கடற்கொள்ளைக்காரர்கள் என்று சொல்லி விசாரணையின்றி அடைத்துவைக்க இடம் கொடுத்தது. நியூயார்க்கில் 'ஜெர்ஸி' என்ற பழைய கப்பலுக்குள் திணிக்கப்பட்டவர்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். யுத்தக் கைதிகள் என்ற அந்தஸ்து 1782இல்தான் கிடைத்தது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' கடற்படைப் பள்ளி மாலுமிகள் மட்டமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசைமொழியையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். நாலைந்து நாளில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 பேருக்கும் அது பரவிற்று. சென்னையிலிருந்த 'அடையாறு' தளமும் சேர்ந்துகொண்டது. கப்பற்படையே அழிந்தாலும் சரி, பணியமாட்டோம் என்று மிரட்டினார் அட்மிரல் காட்ஃபிரே. பழிவாங்கல் நேராமல் காங்கிரஸ் பார்த்துக்கொள்ளும் என்று சர்தார் படேல் சொன்ன பேச்சை நம்பி, 23ஆம் தேதி மாலுமிகள் சரணடைந்தனர்.

பிறகு நடந்தது என்ன? கைது, முலுண்ட் முகாம், 476 பேருக்கு வேலை நீக்கம்.

இதற்குச் சில வாரங்கள் முன்புதான் டில்லி செங்கோட்டையில் நேதாஜி படையின் அதிகாரிகள் மூவர் விசாரிக்கப்பட்டனர். சுதந்திர சர்க்காரின் படையினருக்கு யுத்தம் செய்யும் உரிமை உண்டு என்று புலாபாய் தேசாய் வாதாடினார். ஆயுள் தண்டனை விதித்தும், ஜனவரி 3ஆம் தேதி தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்ய நேர்ந்தது. மலாயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் தமிழர்கள் ஏராளம். கொண்டுவிற்கக் கடல் கடந்த கண்டரமாணிக்கம், காரைக்குடிப் பக்கத்தாருக்கு அது வீட்டுச் சங்கதி போலத்தான். தேசமே திரண்டு அவர்களுக்காக வாதாடியது. மாலுமிகளுக்கோ சரணடையச் சொன்ன தலைவர்கள் இருந்தார்கள். செங்கோட்டையில் நின்றதைப் போன்ற வக்கீல் படை இல்லை.

நீதிபதி பஸல் அலி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. கொச்சி சமஸ்தானத்துப் பிரதம நீதிபதி கிருஷ்ணசாமி ஐயங்காரும் அதில் ஒருவர். மாலுமிகளின் குறைகளில் பல உண்மையே என்று அது கண்டது. ஆனாலும் விலக்கப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியக் கடற்படை திரும்ப அழைக்கவில்லை, பாகிஸ்தானும் அழைக்கவில்லை. ஒழுங்கு கெடும் என்ற சமாதானம் அந்நிய ஆட்சி முடிந்த பிறகும் செலாவணியானதுதான் விந்தை.

தியாகிகள் பென்ஷனுக்கு உரிய போராட்டங்களில் இந்தக் கலகமும் பின்னாளில் இடம்பெற்றது. 2001இல் பம்பாய் கொலாபாவில் நினைவுச் சின்னம் எழுந்தது. கலகத்தில் முன்நின்ற மதன் சிங், பி.ஸி. தத் ஆகியோரின் பெயர்களை இந்தியக் கடற்படை இரண்டு இழுவைக் கப்பல்களுக்குச் சூட்டியது.