ஐஸ்லாந்துப் பயணம்: ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

“ஜூன் விடுமுறையில் ஐஸ்லாந்து போகிறோம். வடதுருவ ஒளியைப் பார்க்க எந்த ஊர் நல்லது?”

நேயர்கள் அனுப்பும் பயணக் கேள்விகளில் இதுவும் ஒன்று. பதில் ஒரே வரிதான்: எந்த ஊரிலும் தெரியாது. ஜூன் மாதம் அங்கே சரியாக இருட்டுவதே இல்லை. நள்ளிரவு வாக்கில் மறையும் சூரியன் மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட நேரத்திலும் வானம் வெளுத்தே கிடக்கும்.

கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் காலை ஏழு மணிக்கு விடிந்து மாலை ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். மழை வந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் ஒதுங்கினால் போதும். பருவமும் வானிலையும் நம் திட்டத்தைக் கலைக்கும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஐஸ்லாந்தில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய 103,000 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றுச் சிறியது. மக்களோ நான்கு லட்சத்துக்கும் குறைவு. நம் தெம்பனிஸ், பிடோக் வட்டாரவாசிகளைக் கூட்டினாலே அதைவிட அதிகம். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். மீதி நிலமெல்லாம் எரிமலைப் பாறை, பனியாறு, பாசி, காற்று.

ஜூனா, டிசம்பரா?

பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் குடும்பங்களுக்குக் கிடைப்பது இரண்டே வாய்ப்புகள். இரண்டும் வெவ்வேறு நாடுகளுக்குப் போவதைப் போன்றவை.

ஜூனில் பகல் நீளம். சாலைகள் திறந்திருக்கும், அருவிகளில் நீர் நிறைந்திருக்கும், பஃபின் பறவைகளைப் பார்க்கலாம். ஆனால் தங்குமிடங்கள் விலை ஏறி, சீக்கிரமே நிரம்பிவிடும். நாட்டின் நடுப்பகுதிக்குச் செல்லும் மலைச் சாலைகள் பல ஜூன் கடைசி வரைகூடத் திறக்காது. பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கண் மறைப்புத் துணி கட்டாயம் வேண்டும்.

டிசம்பரில் பகல் நான்கு மணி நேரமே. காலை பதினொரு மணிக்குமேல் விடிந்து, பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். வடதுருவ ஒளிக்கு இதுவே காலம். செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, மேகமில்லாத இரவில், அதிர்ஷ்டமும் இருந்தால் தெரியும்.

வடதுருவ ஒளிதான் வேண்டும் என்றால் டிசம்பர். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஜூன். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகள் இல்லாத இளையர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செப்டம்பரில் பகலும் போதுமான அளவு இருக்கும், இரவும் இருட்டும்.

வரைபடம் ஏமாற்றும்

தீவைச் சுற்றி வரும் முதலாம் எண் சாலையின் நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். “ஒரு வாரத்தில் முழுவட்டம் அடித்துவிடலாம்” என்று பலரும் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். கணக்குச் சரி, சாலைதான் வேறு. பெரும்பாலும் இருவழிச் சாலை. வேக வரம்பு தார்ச்சாலையில் 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80. சில பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நடுவே செம்மறி ஆடுகள் குறுக்கே வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி, ரெய்க்யவிக்கிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீட்டர். இங்கிருந்து கோலாலம்பூர் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். காலையில் கோலாலம்பூருக்கு ஓட்டிப் போய், இரண்டு மணி நேரம் படம் எடுத்துவிட்டு, அன்றிரவே திரும்புவோமா? அதுவும் விரைவுச்சாலை இல்லாமல்? ஆனால் இதை ஒருநாள் பயணமாகத் திட்டத்தில் எழுதி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் ஒரே ஆள். அவருடைய களைப்பு எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை.

எட்டு அல்லது ஒன்பது நாள் பயணத்துக்குத் தென்கரை மட்டுமே போதும். திங்வெல்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். திங்வெல்லிர், 930ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் முதன்முதலில் திறந்தவெளியில் கூடிய இடம். கெய்சிரில் உள்ள ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிட்டு எழும். அடுத்து, பின்பக்கமாக நடந்து வரக்கூடிய செல்யலாண்ட்ஸ்ஃபோஸ் அருவி, ஸ்கோகஃபோஸ், வீக் சிற்றூர், பிறகு பனிக்கட்டி ஏரி. வடக்குப் பகுதியை விட்டுவிடுங்கள். அது அங்கேயேதான் இருக்கும்.

காலி நாள் எதற்கு?

ஐஸ்லாந்து வானிலை அமைப்பு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். காற்று பலமாக இருந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். கோடைக்காலத்திலும் இது நடக்கும். 2023 நவம்பரில் கிரிண்டவிக் ஊரையே காலிசெய்ய வைத்த ரெய்க்யனெஸ் தீபகற்ப எரிமலைப் பகுதி, விமான நிலையத்துக்கு வெகுதூரத்தில் இல்லை.

ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் அறை பதிந்து, எல்லாவற்றுக்கும் திரும்பக் கிடைக்காத பணம் கட்டிவிட்டவர், எச்சரிக்கை வந்தாலும் வண்டியை எடுப்பார். பணம் போய்விடுமே என்ற கவலை அவரை ஓட்ட வைக்கும். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆபத்து தொடங்குவது மலையிலோ கடலிலோ இல்லை, நம் வீட்டு மேசையில் போட்ட பயணத் திட்டத்தில்தான்.

அதனால் ஓர் ஊரில் ஓர் இரவு என்று வைக்காமல் இரண்டு இரவுகளாகத் தங்குங்கள். போகும் நாளில் சாலை மூடப்பட்டால் அந்த ஊரில் ஒரு நாள்தான் குறையும், ஊரே விட்டுப்போகாது. தாமதமாகும் இரவுக்கு வேறு இடத்தில் தங்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையைப் புறப்படும் முன்பே தனியாக ஒதுக்கிவிடுங்கள். பயணத்தின் நடுவில் ஒரு நாளுக்கு எதையும் பதியாதீர்கள். கடைசி இரவு ரெய்க்யவிக்கிலோ கெஃப்லவிக் விமான நிலையத்தின் அருகிலோ இருக்கட்டும். விமானம் ஏறும் நாளில் நீண்ட தூரம் ஓட்டும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

டிசம்பர் பயணம் என்றால் ரெய்க்யவிக்கிலேயே தங்கி, பேருந்துச் சுற்றுலாக்களில் செல்லுங்கள். பனிக்கட்டி படர்ந்த சாலையில், இருட்டில், பக்கவாட்டுக் காற்றில் ஓட்டும் பழக்கம் நமக்கு இல்லை. அதை விடுமுறையில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. வடதுருவ ஒளிச் சுற்றுலாவை முதல் இரவே பதியுங்கள். மேகம் மூடினால் மறுபடி முயல மீதி இரவுகள் இருக்கும்.

புறப்படும் முன்

விசா: ஐஸ்லாந்து ஷெங்கன் வட்டாரத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குக் குறுகிய காலப் பயண விசா தேவையில்லை. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் ஒருவர் சிங்கப்பூரர், மற்றவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. உடன் வரும் தாத்தா பாட்டியும் இந்தியக் கடப்பிதழ்காரர்களாக இருக்கலாம். அவர்களுக்கு விசா வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் வீட்டில் யார் யாரிடம் எந்தக் கடப்பிதழ் என்று பாருங்கள்.

வண்டி: ‘எஃப்’ என்ற எழுத்துடன் தொடங்கும் மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி. சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது சட்டப்படி குற்றம். நசுங்கிய பாசி மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். சரளைக்கல், மணல், எரிமலைச் சாம்பல் சேதங்களுக்குத் தனிக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும் கதவுக்குப் பெரும்பாலும் காப்புறுதி இருக்காது. ஆகவே கதவைக் கையில் பிடித்தபடியே திறங்கள், பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள். ஆளில்லாத பெட்ரோல் நிலையங்களில் அட்டையின் ரகசிய எண்ணைக் கேட்கும். இங்கே தட்டிவிட்டே பழகிய நமக்கு அந்த எண் மறந்திருக்கும், வங்கியிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

உடை: ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, நடுவே கதகதப்பான மேலாடை, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் காற்றில் அது ஐந்து நிமிடம் தாங்காது.

சாப்பாடு: உணவகங்களில் குடும்பத்தோடு மூன்று வேளையும் சாப்பிட்டால் செலவு கட்டாது. சமையலறை உள்ள தங்குமிடத்தை எடுங்கள். போனஸ், குரோனன் பேரங்காடிகளில் அரிசி, முட்டை, காய்கறி, ‘ஸ்கிர்’ எனும் கெட்டித் தயிர் எல்லாம் கிடைக்கும். ஸ்கிர் போட்ட தயிர்சாதத்துக்கு இங்கிருந்து கொண்டுபோகும் ஊறுகாய் போதும். வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுக்கு வரம்பு உண்டு, சமைக்காத இறைச்சிக்கு அனுமதி இல்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வெந்நீரில் வரும் கந்தக வாடையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பூமிக்கடியிலிருந்து வரும் சூடு.

நீச்சல் குளம்: காலி நாளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை. சின்ன ஊரிலும் வெந்நீர்க் குளம் இருக்கும், கட்டணமும் அதிகமில்லை. ஒன்று மட்டும்: குளத்தில் இறங்கும் முன் நீச்சல் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. வெட்கப்படும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்

வீக் அருகே உள்ள ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணற்கரையில் அலைகள் அமைதியாக வந்துபோய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஓர் அலை மட்டும் பல மீட்டர் உள்ளே ஏறி வந்து, ஆளை இழுத்துக்கொண்டு போகும். படம் எடுக்க நின்றவர்கள் பலர் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். கரையில் எச்சரிக்கை விளக்கு உண்டு. சிவப்பு எரிந்தால் மணலில் இறங்காதீர்கள். நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளைகளை ஓடவிடுவதைப் போல அங்கே விட முடியாது. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவசர எண் 112. ‘112 ஐஸ்லாந்து’ செயலியைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள். ‘சேஃப்டிராவல்’ இணையத்தளத்தில் சாலை, வானிலை நிலவரத்தைத் தினமும் காலையில் பாருங்கள். அந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது. பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போகும் மீட்புக் குழுவினர் தொண்டூழியர்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர் என்று அன்றாட வேலை பார்ப்பவர்கள், அழைப்பு வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். மூடிய சாலையில் நாம் வண்டியை விட்டால், அந்தப் புயலுக்குள் அவர்களும் வர வேண்டியிருக்கும்.

இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து திட்டம் போடுகிறீர்களா? பார்க்க வேண்டிய இடங்களை எழுதிய பிறகு, பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் எழுதுங்கள்: வானிலை கெட்டால் எதை முதலில் விடுவது, எதை இரண்டாவதாக விடுவது. பிள்ளைகளிடமும் கேட்டு எழுதுங்கள். வீட்டிலேயே எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு என்றால், அங்கே காற்றில் நின்று சண்டை போட வேண்டியிருக்காது.